எவர்ட்டன்காரர்களோடு ஒரு வாரம்: லிவர்பூல் பயணக் குறிப்புகள்

ஏப்ரல் 20, 2024, சனி

லண்டனில் அலுவலக வேலை நேற்றோடு முடிந்தது. ஊர் திரும்ப இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, லிவர்பூலில் சித்தப்பா இருக்கிறார், வேறென்ன வேண்டும் என்று ரயிலேறிவிட்டேன். பாதி வழியில் சிக்னல் கோளாறு, வயல்வெளி நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி அசையவே இல்லை. பெட்டியில் ஒருத்தர்கூடக் குரலை உயர்த்தவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எதிர் சீட்டில் இருந்த பாட்டி தன் சாண்ட்விச்சில் பாதியை நீட்டினார். வேண்டாம் என்றதும் பையைத் துழாவி கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட புதினா மிட்டாய் ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். எவர்ட்டன் மிண்ட். நாளைக்கு எவர்ட்டன் கால்பந்து கிளப்பின் பழைய மைதானமான குடிசன் பார்க்கில் மேட்ச் பார்க்கப் போகிறேன் என்றேன். அவருடைய முகமே மாறிவிட்டது.

"இடிக்கிறதுக்கு முன்னாடி பார்த்துடு லவ். புது ஸ்டேடியம் எந்த அளவுல இருக்குன்னு மட்டும் யாரையும் கேட்டுடாதே, விடிய விடியப் பேசுவாங்க."

லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் சித்தப்பா நீல ஸ்கார்ஃபோடு நின்றார். தூத்தூர் பக்கத்துக் கடற்கரை மணலில் பந்து உதைத்து வளர்ந்தவர், டாக்டராக இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, இப்போது ஓய்வு. வந்த புதிதில் வார்டில் ஒரு நோயாளி "நீ சிவப்பா, நீலமா?" என்று கேட்டாராம். இங்கே சிவப்பு என்றால் லிவர்பூல் அணி, நீலம் என்றால் எவர்ட்டன். சித்தப்பா அன்றைக்கு நீலச் சட்டை போட்டிருந்தார், அதனால் நீலம் என்றார். அவ்வளவுதான், ஆயுசு முழுக்க எவர்ட்டன்.

வீடு கிராஸ்பியில். மெர்ஸிரயிலில் ஏறி மூர்ஃபீல்ட்ஸ் தாண்டி சாண்ட்ஹில்ஸ் நெருங்கும்போது சித்தப்பா என் தோளைப் பிடித்து இடது பக்கம் திருப்பினார். பழைய கிடங்குகளுக்கும் தகரக் கொட்டகைகளுக்கும் பின்னால், வளைந்த வெள்ளிக் கூரையோடு பெரிதாக ஒன்று. "அதாக்கும் மக்களே. பிராம்லி மூர்." பழைய கப்பல் துறை (டாக்) ஒன்றின் பெயர் அது, எவர்ட்டனின் புது ஸ்டேடியம் அங்கேதான் எழும்புகிறது. பெட்டியில் இருந்த நாலைந்து பேரும் அதே பக்கம் எட்டிப் பார்த்தார்கள். தினமும் இந்த வழியில் போகிறவர்கள்தான், ஆனாலும் பார்க்கிறார்கள்.

ராத்திரி சித்தி அயிலைமீன் குழம்பும் மரச்சீனியும் செய்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா டிவியில் ட்ரோன் வீடியோ போட்டார். ஸ்டேடியம் கட்டுவதை வானத்திலிருந்து எடுத்து வாராவாரம் போடுகிறவர்கள் இருக்கிறார்களாம். போன வாரம் இல்லாத நாலு வரிசை நாற்காலி இந்த வாரம் வந்திருப்பதை ரிமோட்டால் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். சித்தி எப்போதோ தூங்கப் போய்விட்டார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மதியம் ஒன்றரைக்கு நாட்டிங்காம் ஃபாரஸ்டோடு மேட்ச். ஊரே பயத்தில் இருந்தது. ஆறு நாள் முன்னால்தான் செல்ஸியிடம் ஆறு கோல் வாங்கித் தோற்றிருக்கிறார்கள். அதோடு நிதி விதிகளை மீறியதற்காக இந்த சீசனில் மொத்தம் 8 புள்ளிகளைப் பறிகொடுத்திருக்கிறார்கள். முதலில் 10 என்று சொல்லி, மேல்முறையீட்டில் 6 ஆகி, இந்த மாதத் தொடக்கத்தில் இன்னொரு வழக்கில் 2. கீழ் டிவிஷனுக்கு இறங்கும் பள்ளத்துக்கு இரண்டு புள்ளி மேலே நின்ற அணி, அதற்கு நேர் கீழே நின்ற அணியோடு ஆடுகிறது.

குடிசன் பார்க்கை எதிரே போய் நிற்கும்வரை பார்க்க முடியாது. செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் தெருவில் நடந்துகொண்டே இருக்கிறோம், திடீரென்று ஒரு திருப்பத்தில் வீட்டுக்கு எதிர்ச்சுவராக ஸ்டேடியம். 1892ல் திறந்தது. கால்பந்துக்கென்றே இங்கிலாந்தில் கட்டிய முதல் பெரிய மைதானம் என்று இவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். 1966 உலகக் கோப்பையில் வட கொரியா மூன்று கோல் முன்னிலையில் இருந்தபோது யூசேபியோ நாலு கோல் போட்டு போர்ச்சுகலை ஜெயிக்கவைத்தது இங்கேதான். ஒரு மூலையில் ஸ்டாண்டை இடிக்கிற மாதிரி ஒரு தேவாலயம் நிற்கிறது, செயின்ட் லூக்ஸ். மேட்ச் நாளில் அதன் மாடி ஹாலில் பழைய புகைப்படங்களையும் டிக்கெட்டுகளையும் பரப்பி வைத்திருக்கிறார்கள், டீயும் விற்கிறார்கள். ஒரு பவுண்டு. டீ ஊற்றிய அம்மா "பால் இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். வெளியே மாமிசம் அடைத்துச் சுட்ட பை (pie) நாலு பவுண்டுக்கு மேல், உள்ளே என்ன மாமிசம் என்று மென்று பார்த்தாலும் தெரியாது, ஆனால் அந்தக் குளிருக்கு இதமாக இருந்தது.

சித்தப்பாவின் நண்பர் ஒருவர் ஊரில் இல்லாததால் அவருடைய இடம் எனக்குக் கிடைத்தது. புல்லன்ஸ் ரோட் ஸ்டாண்ட், மேல் தளம். மர நாற்காலி. நீலப் பெயின்ட் மேல் நீலப் பெயின்டாகப் பூசி ஓரமெல்லாம் மொழுமொழுவென்று இருந்தது, நகத்தால் ஒரு இடத்தில் சுரண்டிப் பார்த்தால் அடியில் வேறொரு நீலம். முழங்கால் முன் வரிசையில் இடிக்கிறது. எனக்கும் ஒரு பக்கத்து கோலுக்கும் நடுவே இரும்புத் தூண். பந்து அங்கே போகும்போதெல்லாம் என் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் சாய்ந்து எட்டிப் பார்க்கிறது, பழக்கமாகிவிட்டது அவர்களுக்கு. பக்கத்துப் பெரியவர் என்னையும் கையால் அணைத்துச் சாய்த்தார்.

எதிர் கூட்டத்தின் சத்தம் கூரைக்குள் மோதித் திரும்பி வருவதைக் காதில் இல்லை, நெஞ்சில் கேட்கிறோம். முதல் பாதியில் கேயி, இரண்டாம் பாதியில் மக்நீல், இரண்டு கோல். ஃபாரஸ்ட்காரர்கள் மூன்று தடவை பெனால்டி கேட்டு ஒன்றும் கிடைக்காமல் கொதித்துப்போய்க் கிளம்பினார்கள். நான் அந்தக் கூட்டத்தில் மூச்சுத் திணறி வெளியே வந்தபோது, கழிவறை வரிசையில் நின்ற ஒருவர் சொன்னதுதான் மனதில் நின்றது: "இந்த இடத்துல உட்கார முடியலை, நிக்க முடியலை, ஒண்ணுக்குப் போக முடியலை. ஆனா இந்தச் சத்தத்தை எந்த லாரியில ஏத்தி அங்க கொண்டு போவாங்க?"

ஏப்ரல் 22, திங்கள்

காலையிலிருந்து தூறல். சாண்ட்ஹில்ஸ் ஸ்டேஷனில் இறங்கி ஸ்டேடியத்துக்கு நடந்தோம், கால் மணி நேரம். ஸ்டேஷனைப் பார்த்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. உயரத்தில் ஒற்றைத் தீவு மாதிரி ஒரு பிளாட்ஃபாரம், இறங்க ஒடுக்கமான வழி. 52,000க்கு மேல் ஆள் வரப்போகும் இடத்துக்குப் பக்கத்து ரயில் நிலையம் இதுதான். "வெளியில கியூ கட்டி நிப்பாட்டி, கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடுவாவளாம்" என்றார் சித்தப்பா. மழையிலா என்று கேட்டேன். பதில் இல்லை.

ரீஜன்ட் ரோட்டில் துறைமுகத்தின் நெடுஞ்சுவர் வருகிறது. ஜெஸ்ஸி ஹார்ட்லி என்ற பொறியாளர் காலத்துக் கருங்கல் வேலை, ஒரு கல்லும் இன்னொரு கல்லின் அளவில் இல்லை, ஆனால் இடுக்கில் ஒரு காசைக்கூட நுழைக்க முடியாதபடி பொருத்தியிருக்கிறார்கள். விரலால் தடவிக்கொண்டே நடந்தேன். இந்த டாக் 1848ல் திறந்தது. கப்பல் நின்ற நீர்த்தொட்டிக்குள் அயர்லாந்துக் கடலிலிருந்து கிட்டத்தட்ட 5 லட்சம் கன மீட்டர் மணலை அள்ளி வந்து நிரப்பி அதன் மேல் கட்டுகிறார்கள். நிரப்புவதற்கு முன்னால் உள்ளே இருந்த மீனையெல்லாம் பிடித்து வேறு இடத்தில் விட்டார்களாம், இதைச் சொல்லும்போது மட்டும் சித்தப்பா கடற்கரைக்காரராகிவிட்டார். டாக்கின் சுவர்கள் அப்படியே மண்ணுக்குள் இருக்கின்றன. பழைய ஹைட்ராலிக் கோபுரத்தையும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஊர் ஒரு விலை கொடுத்திருக்கிறது. 2021 ஜூலையில் யுனெஸ்கோ லிவர்பூலை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது, துறைமுகக் கரையில் எழும்பும் கட்டுமானங்களோடு இந்த ஸ்டேடியமும் காரணம். அடுத்த மாதமே வேலை தொடங்கிவிட்டது. அந்தப் பட்டியலிலிருந்து அதற்கு முன்னால் நீக்கப்பட்டவை உலகத்திலேயே இரண்டுதான். எனக்கு இதில் யுனெஸ்கோ பக்கம் இல்லை. வேலிக்குள் பாழடைந்து, பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் கிடந்த டாக் அது. அந்தக் கருங்கல் சுவரை நான் தொட்டுப் பார்க்க முடிந்ததே ஸ்டேடியம் வந்ததால்தான்.

கட்டடத்தைக் கிட்டத்தில் பார்த்தால், கீழே செங்கல், மேலே வளைந்த உலோகம். செங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு பின்னல் வடிவம் ஓடுகிறது. குடிசனின் ஸ்டாண்டில் ஆர்ச்சிபால்ட் லீச் என்ற அந்தக் காலத்து ஸ்டேடியக் கட்டடக் கலைஞர் வைத்த இரும்புப் பின்னலின் ஞாபகமாக அதை வைத்திருக்கிறார்கள். நேற்று பார்த்ததை இன்று செங்கல்லில் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. வேலிக்கு வெளியே எங்களைப் போல இன்னும் பத்துப் பேர் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தார். வேலைக்காரர்கள் ஷிஃப்ட் மாறி வெளியே வரும்போது "எப்படிப் போகுது?" என்று கேட்கிறார்கள், அவர்களும் நின்று பதில் சொல்கிறார்கள். 2023 ஆகஸ்டில் இங்கே ஒரு இளம் தொழிலாளி விபத்தில் இறந்துபோனார், அவரும் எவர்ட்டன் ரசிகர். பிளாஸ்க் வைத்திருந்தவர் அதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றினார்.

வடக்குப் பக்கம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். காற்று அந்தப் பக்கத்திலிருந்து திரும்பியதும் மூக்கைப் பொத்தினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

மதியம் நகருக்குள் வந்து பிளைண்ட் ஸ்கவுஸ் சாப்பிட்டேன், மாமிசம் போடாத கிழங்குக் குழம்பு, ஊறுகாய் போட்ட பீட்ரூட்டும் ரொட்டியும் கூட வரும். எட்டுப் பவுண்டு. உப்புச்சப்பில்லை, ஆனால் சூடு. சாயங்காலம் சீனக் கடையில் சால்ட் அண்ட் பெப்பர் சிப்ஸ் வாங்கினோம், மிளகாயும் வெங்காயமும் வதக்கிப் போட்டது, நாலரைப் பவுண்டு. இதை வாரம் முழுக்கச் சாப்பிடலாம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

நதிக்கு அந்தப் பக்கம் நியூ பிரைட்டனுக்குப் போய், அங்கிருந்து கரையோரமாக சீகம் நோக்கி நடந்தேன். முழு ஸ்டேடியமும் தெரிவது இங்கிருந்துதான், தண்ணீர் ஓரத்தில் கிடங்குகளுக்கு நடுவே தனியாக நிற்கிறது. காற்று என் குடையைத் திருப்பிப் போட்டு இரண்டு கம்பியை முறித்துவிட்டது. பெஞ்சில் இருந்த பெண்மணி தன் நாயைப் பிடித்துக்கொண்டே எழுந்து வந்து குடையை மடிக்க உதவினார். "மெர்ஸி கரைக்குக் குடை கொண்டு வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு, எதிர்க்கரையைக் காட்டி "எங்க வீட்டுக்காரர் தினமும் இங்க நின்னு போட்டோ எடுக்கிறார்" என்றார்.

மாலை சித்தப்பாவின் பப். செவ்வாய்க்கிழமை தோறும் நாலைந்து பேர் கூடும் மேசை. ஓய்வு பெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர், பஸ் ஓட்டும் பெண் ஒருவர், கணக்காளர் பையன் ஒருவன், சித்தப்பா. பைன்ட் நாலு பவுண்டு சொச்சம், என்னைப் பணம் எடுக்கவே விடவில்லை. நான்தான் ஆரம்பித்தேன்: கூரை போட்டாயிற்று, நாற்காலி வந்தாயிற்று, இந்த வருஷக் கடைசியில் கட்டடம் முடிகிறது என்கிறார்கள், அப்புறம் ஏன் எல்லோரும் இவ்வளவு கவலைப்படுகிறீர்கள்?

துறைமுகத் தொழிலாளி கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இதற்கு முன் நின்றுபோன புது ஸ்டேடியத் திட்டங்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். கிங்ஸ் டாக்: நகர மையத்தில், ஆல்பர்ட் டாக்குக்குப் பக்கத்தில், 55,000 பேருக்கு. கிளப்பால் தன் பங்குக்கு 3 கோடி பவுண்டு புரட்ட முடியாமல் 2003ல் கை நழுவிப் போனது. இன்றைக்கு அங்கே ஒரு கச்சேரி அரங்கம் நிற்கிறது. கெர்க்பி: ஊர் எல்லைக்கு வெளியே, டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டோடு சேர்த்து. 2007ல் ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், ஆதரித்தவர்கள்தான் அதிகம், ஆனால் எதிர்த்தவர்கள் விடவில்லை, எவர்ட்டனை ஊரை விட்டு அனுப்பாதே என்று இயக்கமே நடத்தினார்கள். 2009 நவம்பரில் அரசாங்கம் அனுமதி மறுத்தது. அப்புறம் வால்டன் ஹால் பார்க், அதுவும் 2016ல் போனது. "எங்க அப்பா கிங்ஸ் டாக் படத்தைக் கத்தரிச்சுச் சமையலறையில ஒட்டி வச்சிருந்தார். படம்தான் மிஞ்சுச்சு. முதல் மேட்சுக்கு விசில் ஊதுறவரை நான் நம்ப மாட்டேன்."

சித்தப்பா என் காதில் தமிழில் சொன்னார்: "மூணு நிச்சயதார்த்தம் முடிஞ்சு கல்யாணம் நின்னுபோன வீடு மக்களே இது. பந்தல் போட்டாச்சுன்னு சொன்னா நம்புவாவளா?"

கணக்காளர் பையனுக்குக் கட்டடத்தைப் பற்றிக் கவலையே இல்லை, பணத்தைப் பற்றித்தான். 50 கோடி பவுண்டு என்று ஆரம்பித்த செலவு 76 கோடி வரை போகும் என்று கிளப்பே சொல்லியிருக்கிறது. உஸ்மானோவ் என்ற ரஷ்யப் பெரும் பணக்காரரின் நிறுவனம் 2020ல் பெயர் உரிமைக்கான முன்பதிவுக்கு மட்டும் 3 கோடி கொடுத்தது. உக்ரைன் போர் வந்து அவர் மேல் தடை விழுந்ததும் 2022 மார்ச்சில் அந்த ஒப்பந்தங்களெல்லாம் நின்றுபோயின. 2022-23 கணக்கில் நட்டம் 8.91 கோடி. உரிமையாளர் மோஷிரி விற்கப் பார்க்கிறார், 777 பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் போன செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டது, இன்னும் அனுமதி வரவில்லை, அதுவரை அவர்கள் கொடுக்கும் கடனில்தான் கிளப் ஓடுகிறது. அவனுடைய கோபம் எல்லாம் வட்டியில் வந்து நின்றது. ஸ்டேடியத்துக்காக வாங்கிய கடனின் வட்டியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் புள்ளி கழித்த வழக்கில் ஒரு பெரிய தகராறு. "வீடு கட்டினதுக்கு எங்களுக்குத் தண்டனை" என்றான்.

"வீடு கட்டினதுக்கு இல்லை, கண்ட கண்ட ஆளை வாங்கினதுக்கு" என்று பஸ் ஓட்டும் பெண் உடனே வெட்டினார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மூன்று வருஷத்தில் 10.5 கோடி வரை நட்டம் காட்டலாம் என்பது விதி, இவர்கள் 12.45 கோடி காட்டினார்கள். ஸ்டேடியத்தைக் காரணம் சொல்வது கிளப் நிர்வாகத்துக்குத்தான் வசதி.

அவருடைய கவலை வேறு. ஐம்பத்திரண்டாயிரம் பேரை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? ரீஜன்ட் ரோட்டில் மேட்ச் முடிந்த ராத்திரி பத்து மணிக்குத் தன் மகளோடு நிற்கும்போது சுற்றிலும் பூட்டிய பட்டறைகளும் இரும்புக் கடைகளும்தான் இருக்கும் என்றார். குடிசனில் வெளியே வந்தால் தெருவெல்லாம் வீடு, கடை, விளக்கு. இதைச் சொன்னதும் மேசை அமைதியாகிவிட்டது. வேறு யாரும் இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அப்புறம் கொள்ளளவுச் சண்டை. பக்கத்தில் லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் புது ஸ்டாண்ட் கட்டி 61,000 ஆக்கிவிட்டார்கள், நாம் ஏன் 60,000 கட்டவில்லை என்று பையன். டாக்கின் அகலமே அவ்வளவுதான், ஒரு பக்கம் நதி, ஒரு பக்கம் ரோடு, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பெரியவர். தெற்கு ஸ்டாண்டில் மட்டும் 13,000 பேர், மிகச் செங்குத்தாக, கோலுக்குப் பின்னால் ஒரே சுவர் மாதிரி உட்காரப் போகிறார்கள், அந்தச் சத்தம் வந்தால் போதும் என்று சித்தப்பா. இப்படியே பதினொன்றரை வரை போனது, மணி அடித்துத்தான் எழுப்பினார்கள். திரும்பும் ரயிலின் முகப்பில் 777 என்று எழுதியிருந்தது. மெர்ஸிரயிலின் புது வண்டிகளின் வகை எண் அது. பெரியவர் அதைப் பார்த்ததும் அடுத்த பெட்டிக்கு நகர்ந்து ஏறினார், அதிலும் அதே எண்தான்.

ஏப்ரல் 24, புதன்

டெர்பி, அதாவது ஒரே ஊரின் இரண்டு அணிகளான எவர்ட்டனும் லிவர்பூலும் மோதும் மேட்ச், குடிசனில். டிக்கெட் கிடைக்கவே வாய்ப்பில்லை, சித்தப்பா மட்டும் போனார். நான் அதே பப்பில். எட்டு மணி மேட்சுக்கு ஐந்து மணிக்கே நிற்க இடமில்லை. லிவர்பூல் பட்டத்துக்கு ஆடுகிறது, எவர்ட்டன் உயிருக்கு ஆடுகிறது. 27வது நிமிஷம் பிராந்த்வெய்ட், 58வது நிமிஷம் மக்நீலின் கார்னரில் கால்வெர்ட்-லூயினின் தலை. யாரோ என் மேல் முழு பைன்டையும் கொட்டினார், கொட்டியவரே என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார், பிறகு தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்து வீட்டுக்குப் போகும்வரை போட்டுக்கொள் என்றார். குடிசனில் 2010க்குப் பிறகு முதல் டெர்பி வெற்றி.

நேற்று எதையும் நம்பாத துறைமுகத் தொழிலாளி மேசை மேல் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "முதல் டிவிஷன்லயே இருந்தா எந்தக் கடன்காரனும் பேசுவான். இறங்கிட்டா, அந்தக் கட்டடத்துக்குள்ள ரெண்டாம் டிவிஷன் கிளப்பா போவோம். யாருக்கு விப்பாங்களோ!" இந்த ஊரில் ஸ்டேடியத்துக் கவலையும் புள்ளிப் பட்டியலும் வேறு வேறு இல்லை என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

ஏப்ரல் 25, வியாழன்

குரல் போய்விட்டது, கால் வலி, மூக்கு ஒழுகுகிறது. சித்தி மிளகு ரசம் வைத்தார். மதியம் கொஞ்சம் தெம்பு வந்ததும் எவர்ட்டன் பார்க் மேட்டுக்குப் போனோம். கிளப்பின் சின்னத்தில் இருக்கும் கூம்புக் கூரைக் கல் கட்டடம் இங்கே சரிவில் நிற்கிறது, 1787ல் குடிகாரர்களையும் சில்லறைத் திருடர்களையும் ராத்திரிக்கு அடைத்து வைக்கக் கட்டியது. மேட்டிலிருந்து பார்த்தால் துறைமுக ஸ்டேடியம் பளிச்சென்று தெரிகிறது.

திரும்பும் வழியில் வால்டனில் கவுன்ட்டி ரோடு. ஷட்டர் இறங்கிய கடைகள் நிறைய. திறந்திருந்த ஒரு சிப்ஸ் கடையில் நின்றோம். மேட்ச் நாளில் மூன்று பேரைக் கூடுதலாக வேலைக்கு வைப்பதாகவும், மாசத்து வாடகை அந்த ஒரு நாளில்தான் வருகிறது என்றும் கடைக்கார அம்மா சொன்னார். குடிசனை இடித்து அந்த இடத்தில் வீடுகள், மருத்துவ மையம், கடைகள் கட்டும் திட்டம் ஒன்று இருக்கிறது. "மருத்துவ மையத்துக்கு வர்றவங்க சிப்ஸ் வாங்குவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே எனக்கு ஒரு கரண்டி அதிகமாக அள்ளிப் போட்டார், மூன்றரைப் பவுண்டுதான் வாங்கினார்.

வாரம் முழுக்க நான் கேட்ட வாதங்களில் இந்தத் தெருவைப் பற்றி யாரும் பேசவில்லை. கொள்ளளவு, வட்டி, கூரை, சத்தம் எல்லாம் பேசினார்கள். 130 வருஷத்துக்கு மேலாகக் கிளப்பை மடியில் வைத்திருந்த தெருக்கள் இவை, ஊரில் ஏழ்மை அதிகமான பகுதிகளில் ஒன்று. நதிக்கரைக்குப் போவது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் புது ஸ்டேடியத்தில் முதல் பந்து உருளும் முன்பே இங்கே முதல் செங்கல்லை வைக்க வேண்டும். இடித்துவிட்டு வருஷக்கணக்கில் வேலி போட்டு வைத்தால் அந்த அம்மாவின் ஷட்டரும் இறங்கிவிடும். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். லீச்சின் இரும்புப் பின்னலையாவது எடுத்து வைக்க வேண்டும் என்று அவர் வேறு ஒன்றைச் சொன்னார். ரயில் வரும்வரை இதிலேயே சண்டை போட்டோம்.

ஏப்ரல் 27, சனி, லண்டன்

நேற்று திரும்பிவிட்டேன். கிளம்பும்போது சித்தி இரண்டு டப்பா மீன் ஊறுகாய் கொடுத்தார், ஒன்று பையில் கசிந்து சட்டையெல்லாம் எண்ணெய். ஜாக்கெட்டைப் பப்பில் ஒப்படைத்தாகிவிட்டது.

இன்றைக்கு மாலை பிரென்ட்ஃபோர்டோடு மேட்ச். அறுபதாவது நிமிஷம் கேயி, ஒரே கோல், போதும். இறங்கும் பள்ளத்தில் நின்ற லூட்டன் வேறு தோற்றுவிட்டது. எவர்ட்டன் இறங்காது, கணக்குப்படியே உறுதி. ஒரே வாரத்தில் குடிசனில் மூன்று வெற்றி. சித்தப்பா மைதானத்துக்கு வெளியிலிருந்து போன் செய்தார், பின்னால் பாட்டு, ஹாரன், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் மறுபடி கூப்பிட்டார். கோலைப் பற்றி இரண்டு வாக்கியம், அவ்வளவுதான். புது ஸ்டேடியத்தில் சீசன் டிக்கெட் எந்தப் பக்கம் கேட்பது என்று ஆரம்பித்துவிட்டார். தெற்கு ஸ்டாண்ட் என்றால் சத்தத்துக்கு நடுவே இருக்கலாம், ஆனால் அவ்வளவு செங்குத்தான படியில் அவருடைய முழங்கால் தாங்காது என்று சித்தி பின்னாலிருந்து சொல்வது கேட்டது. கிழக்கு ஸ்டாண்ட் எடுங்கள், ரோட்டுப் பக்கம், மேட்ச் முடிந்ததும் சீக்கிரம் சாண்ட்ஹில்ஸ் கியூவுக்குப் போய்விடலாம் என்றேன்.

"கியூவில நிக்கதுக்கா மக்களே நான் முப்பது வருஷம் காத்திருந்தேன்?" என்றார். தெற்குதான் கேட்பாராம். சித்தி இன்னும் சம்மதிக்கவில்லை.